60 லிட்டர் டேங்க்ல 7 கிலோ தான் ஏறுதா? மதுரவாயல் பக்கத்து சிஎன்ஜி பங்க் பத்தி ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரோட ரிவ்யூ

மொதல்லயே மார்க் போட்டுடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம். பிரஷருக்கு 5க்கு 5. ஸ்டாஃபுக்கு 4. லைனுக்கு 2, அதுவும் பாவம் பாத்து. பாத்ரூம் பத்தி கேக்காதீங்க. மொத்தமா 4 ஸ்டார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மதுரவாயல் பைபாஸ் பக்கம் இருக்கற இந்த பங்க்ல தான் நான் ரெகுலரா கேஸ் புடிக்கறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கறவ நான், வளசரவாக்கம், போரூர், ராமாபுரம்னு வீடு வீடா ஓடற பொழப்பு, பெட்ரோல் போட்டு கட்டுப்படியாகாதுன்னு தான் கம்பெனி ஃபிட்டட் சிஎன்ஜி வண்டி எடுத்தேன். இந்த பங்க் பத்தி கேட்டா பாதி பேர் சொல்ற ஒரே கம்ப்ளைண்ட் என்னன்னா, "டேங்க் 60 லிட்டர், ஃபுல் பண்ணு சொன்னா 7 கிலோ தான் ஏத்தறான், மீட்டர்ல ஏதோ பண்றான்". இத கேட்டு கேட்டு எனக்கு காது புளிச்சுப்போச்சு. ஏன்னா நான் கிளாஸ்ல எடுக்கற அதே பாடம் தான் இது, கேஸோட பிரஷர், இடம், சூடு மூணையும் சேத்து சொல்ற பிவி = என்ஆர்டி ஃபார்முலா, பசங்க "இதெல்லாம் எங்க மிஸ் யூஸ் ஆகப்போகுது"ன்னு கேப்பாங்க இல்ல, இங்க தான் ஆகுது, அதுவும் நம்ம பாக்கெட் காசுல.

மே மாசம், அக்னி நட்சத்திரம், மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். எனக்கு முன்னாடி ஒரு கால் டாக்ஸி அண்ணன். நாசில கழட்டினதும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தத்தோட சேந்து அவரும் புஸ்ஸுன்னு ஏறிட்டாரு. "இன்னாப்பா இது, போன வாரம் காலைல எட்டு கிலோ ஏறுச்சு, இன்னிக்கு ஏழே கால் தான் காட்டுது, அதே வண்டி, டாஷ்போர்டுல அதே புள்ளி, மிச்சம் எங்க போச்சு?" ஸ்டாஃப் பையன் அமைதியா "வெயில்ணே, மத்தியானம் வந்தா அவ்ளோ தான் ஏறும்"னான். "வெயிலுக்கும் கிலோவுக்கும் இன்னாடா சம்மந்தம்? டேங்க்கு கரைஞ்சு பூடுமா?" பையனுக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல, ஆனா அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அத விளக்கமா எழுதணும்னு தான் இந்த ரிவ்யூவே.

உங்க வண்டில சிலிண்டர் விவரம் போட்ட ஒரு தகடு இருக்கும், பெரும்பாலும் கேஸ் ஊத்தற வாய் பக்கத்துலயோ பானெட்டுக்கு உள்ளயோ. அதுல போட்டிருக்கற 60 லிட்டர்ங்கறது அந்த சிலிண்டர்ல எவ்ளோ தண்ணி புடிக்கும்ங்கற கணக்கு. அவ்ளோ தான். அது கேஸோட அளவே இல்ல. அதே 60 லிட்டர் இடத்துல பெட்ரோல் ஊத்தினா 44 கிலோ வரும், ஆனா கேஸ் எவ்ளோ கிலோ புடிக்கும்ங்கறது இடத்த வெச்சு மட்டும் சொல்லவே முடியாது. 29சி பஸ் மாதிரி தான். பஸ் சைஸ் ஒண்ணு தான், சாயங்காலம் ஆறு மணிக்கு அதுக்குள்ள எத்தன பேர்ங்கறது எவ்ளோ அமுக்கி ஏத்தறாங்கங்கறத பொறுத்தது. இங்க அமுக்கறது கம்ப்ரஸர். 200 பார் வரைக்கும் அமுக்குவாங்க (பார்ங்கறது பிரஷர் அளக்கற அலகு, நம்மள சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம் சுமாரா ஒரு பார்), அதுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல், மெஷினே கட் பண்ணிடும்.

சரி கணக்கு போடுவோம். பிளஸ் ஒன் புக்குல நல்லியல்பு வாயுச் சமன்பாடுன்னு வரும் பாருங்க அதான். பிரஷர பி, சிலிண்டர் கொள்ளளவ வி, மோல் (மூலக்கூறுங்கள மொத்தமா எண்ற அளவு) எண்ணிக்கைய என், மாறிலிய ஆர், வெப்பநிலைய டி. நமக்கு வேண்டியது கிலோ, அதனால மோல் எண்ணிக்கைய கண்டுபுடிச்சு மோலார் நிறையால, அதாவது ஒரு மோலோட எடையால பெருக்கணும். சிஎன்ஜில பெரும்பகுதி மீத்தேன், ஒரு மோல் 16.04 கிராம்.

பிரஷர் கேஜ் 200 பார் காட்டினா உள்ள நிஜமா இருக்கறது 201, ஏன்னா கேஜ் வெளிக்காத்த பூஜ்ஜியமா வெச்சு தான் காட்டும், அந்த ஒண்ண கூட்டிக்கணும். 200ல ஒண்ணு பெரிய விஷயமில்ல, ஆனா டேங்க் காலி ஆகற நேரத்துல முள்ளு 5ல நிக்கும்போது அந்த ஒண்ண விட்டா ஆறுல ஒரு பங்கு கணக்குல காணாமப் போயிடும். கொள்ளளவு 60 லிட்டர். வெப்பநிலை 35 டிகிரின்னு வெச்சா, 273 கூட்டி கெல்வின்ல 308. ஆர் மதிப்பு பாரும் லிட்டரும் போடறதால 0.08314. இப்போ 201 × 60 = 12060, அத 0.08314 × 308 அதாவது 25.6 ஆல வகுத்தா 471 மோல். 16.04 ஆல பெருக்கினா 7554 கிராம். ஏழரை கிலோ!

பாத்தீங்களா, 60 லிட்டர்னு சொல்றாங்களே அந்த டேங்க் ஃபுல்லா இருந்தாலே இந்த ஃபார்முலா படி ஏழரை கிலோ தான். அப்புறம் ஏன் "7 கிலோ தான் ஏறுது"ன்னு சண்டை?

இதுல என் பசங்க வழக்கமா விடற கோட்டை என்னன்னா, 308க்கு பதிலா 35ன்னு செல்சியஸ்லயே போட்டுடுவாங்க. போட்டா விடை 66 கிலோ வரும். 66 கிலோ கேஸ் டிக்கில ஏறினா வண்டி பின்னாடி உக்காந்துடாதா, விடைய பாத்தாவது டவுட் வரவேணாமா? வராது. அப்படியே அடிக்கோடு போட்டு கட்டம் கட்டிட்டு அடுத்த கணக்குக்கு போயிடுவாங்க. இன்னொரு குரூப் 0.0821ன்னு மனப்பாடம் பண்ணிட்டு பார்ல இருக்கற பிரஷருக்கு அத போடும், அது அட்மாஸ்பியருக்கு உள்ளது, வித்தியாசம் ஒரு பர்சன்ட் கிட்ட தான்னாலும் மார்க் போகும்.

இப்போ உஷாரான ஆளு ஒருத்தர் கேப்பாரு, "மேடம், காலைல அந்த டாக்ஸிக்காரருக்கு எட்டு ஏறுச்சே, அதுவும் டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, உங்க ஃபார்முலா மொத்தமே ஏழரைங்குதே?" கரெக்ட் கேள்வி. இங்க தான் எனக்கு இந்த டாபிக் ரொம்ப புடிக்கும். இந்த ஃபார்முலா 1834ல க்ளாபெய்ரான்ங்கற ஃபிரெஞ்சுக்காரர், 1662லயே பாயில் சொன்னதையும் அப்புறம் சார்லஸ் கணக்கையும் ஒண்ணா சேத்து எழுதினது. இதுல ஒரு அனுமானம், மூலக்கூறு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கண்டுக்காது, ஈர்ப்பும் கெடையாது, அதுங்களுக்குன்னு எடமும் தேவையில்லன்னு. சாதாரண காத்தழுத்தத்துல இது ஓகே. 200 பார்ல மீத்தேன் மூலக்கூறு எல்லாம் அவ்ளோ கிட்ட கிட்ட இருக்கும்போது ஒண்ண ஒண்ணு இழுக்கும், இழுக்கறதால சுவத்துல மோதற வேகம் குறையும், அதே 200 பார் காட்டறதுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாவே கேஸ உள்ள தள்ளலாம். இத 1873ல வான் டெர் வால்ஸ்னு ஒரு டச்சுக்காரர் தன்னோட ஆராய்ச்சில எழுதினாரு, 1910ல நோபல் குடுத்தாங்க.

நடைமுறைல என்ன பண்ணுவாங்கன்னா, ஒரு திருத்தக் காரணி, அமுக்கத்திறன் காரணின்னு சொல்லுவாங்க, அதால வகுத்துடுவாங்க. மீத்தேனுக்கு 200 பார், 35 டிகிரில அது சுமார் 0.84, பிரஷரோ சூடோ மாறினா இதுவும் மாறும். ஏழரைய 0.84ஆல வகுத்தா கிட்டத்தட்ட 9 கிலோ. ஆக நிஜமான ஃபுல் டேங்க் 9 கிலோ. வண்டிக்காரங்க வாயால சொல்றதும் இந்த 9 தான், ஷோரூம்ல 10னு சொல்லுவாங்க, அதுவும் பொய்யில்ல, 15 டிகிரி வெப்பநிலைல கணக்கு போட்டா 10 வரும். சென்னைல 15 டிகிரி எப்போங்க வந்துச்சு, மார்கழில கூட வராது. கொடைக்கானல்ல போய் பங்க் வெச்சா வேணும்னா 10 ஏறும்.

அதுக்காக ஃபார்முலா வேஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க. பிரஷர் கம்மியா இருக்கும்போது அது அச்சு அசலா வேலை செய்யும். உதாரணத்துக்கு கடைசி ஒரு புள்ளி எரிஞ்சிட்டு இருக்கு, கேஜ் 20 பார்னு வெச்சுக்குவோம். 21 × 60 வகுத்தல் 25.6, 49 மோல், 0.79 கிலோ. திருத்தம் போட்டாலும் 0.81 தான். அதாவது "டேங்க் காலி"ன்னு நீங்க லைன்ல போய் நிக்கும்போதே உள்ள முக்கா கிலோவுக்கு மேல இருக்கு. பில்லுல அது வராது, பில்லுல வர்றது புதுசா ஏறினது மட்டும் தான். 9ல 0.8 போனா 8.2. பாதி பேர் சண்டை போடறது இந்த கழித்தல் கணக்க மறந்துட்டு தான்.

இப்போ வெயில் விஷயம். கேஸ் வேகமா உள்ள ஏறும்போது சிலிண்டர் சூடாகும், இது வெயில் இல்லாட்டியும் நடக்கும், சந்தேகம் இருந்தா ஃபில் பண்ணதும் டிக்கிய திறந்து சிலிண்டர் மேல கை வெச்சு பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும். மே மாசம் மத்தியானம் ரோடே கொதிக்கும்போது டிக்கிக்குள்ள ஏற்கனவே அடுப்பு, அதுக்கு மேல இந்த சூடு, உள்ள இருக்கற கேஸ் 55 டிகிரிக்கு போயிடும்னு வெச்சுக்கோங்க. அதாவது 328 கெல்வின். அதே 12060, இப்போ 27.3ஆல வகுக்கணும், 442 மோல், 7.1 கிலோ, திருத்தம் போட்டா 8.1. மிச்சம் இருந்த 0.8 கழிச்சா பில்லு 7.3. டாக்ஸி அண்ணனுக்கு ஏழே கால்! அதே அண்ணன் போன வாரம் காலைல வந்தப்போ சிலிண்டர் 40 டிகிரில இருந்திருக்கும், அப்போ மொத்தம் எட்டே முக்கால் கிட்ட, கழிச்சா 8 கிலோ. மீட்டர்ல யாரும் கை வெக்கல, சூரியன் தான் கை வெச்சது. மெஷின் பாக்கறது பிரஷர மட்டும், 200 வந்ததும் நிறுத்திடும், சூட்டுல கம்மி கேஸுலயே 200 வந்துடும்.

இத அந்த அண்ணன் கிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்ப நா காலைல தான் வரணும்ன்றீங்க, காலைல வந்தா சவாரி போயிடும் மேடம்"னாரு. அதுக்கு என்கிட்ட ஃபார்முலா இல்ல. ஆனா ஒண்ணு சொன்னேன், காசு எதுவும் போகல, 7.3க்கு தான் பில்லு, 7.3 தான் உள்ள போயிருக்கு, போனது என்னன்னா அடுத்த தடவ லைன்ல நிக்கப்போற நேரம்.

காசு போகலன்னு அவ்ளோ கண்டிஷனா எப்படி சொல்றேன்னா, இங்க மெஷினுக்குள்ள இருக்கறது லிட்டர் அளக்கற மீட்டர் இல்ல, நேரடியா நிறைய அளக்கற மீட்டர், கோரியாலிஸ் மீட்டர்னு பேரு. உள்ள குழாய் ஒண்ண அதிர வெச்சுட்டே இருப்பாங்க, அது வழியா கேஸ் ஓடும்போது குழாய் ஒரு துளி முறுக்கிக்கும், எவ்ளோ முறுக்குதுங்கறத வெச்சு வினாடிக்கு எத்தன கிராம் போச்சுன்னு கண்டுபுடிக்கும். 1835ல கோரியாலிஸ்ங்கறவர் எழுதின தத்துவம். கேஸ் சூடா இருந்தாலும் குளிரா இருந்தாலும் அதுக்கு கவலையில்ல, கிலோ கிலோ தான். கிலோவுல விக்கறதுக்கு காரணமே இது தான், லிட்டர்ல வித்தா அப்போ நிஜமாவே வெயிலுக்கு ஒரு ரேட்டு, மழைக்கு ஒரு ரேட்டுன்னு ஆயிடும்.

நானே ஒரு தரம் செக் பண்ணி பாத்தேன். காலைல ஆறு மணி, வெளில 28 டிகிரி, வண்டி ராத்திரி பூரா நின்னதால சிலிண்டரும் அதே சூடு தான். பானெட்டுக்குள்ள ஒரு சின்ன வட்ட கேஜ் இருக்கு, முள்ளு 40ல. 41 × 60, வகுத்தல் 0.08314 × 301, 98 மோல், 1.58 கிலோ, திருத்தத்தோட 1.7 கிட்ட. ஃபில் பண்ணி முடிச்சதும் 200. சிலிண்டர் 45 டிகிரி இருக்கும்னு ஒரு உத்தேசம், அதுக்கு எட்டரை. வித்தியாசம் 6.8 வரணும். பில்லு 6.7. இதுக்கு மேல துல்லியம் எதிர்பாக்கக்கூடாது, ஏன்னா கேஸ் சுத்தமான மீத்தேன் இல்ல, கொஞ்சம் ஈத்தேன் எல்லாம் கலந்திருக்கும், சராசரி மோலார் நிறை 17ன்னு ஆனாலே விடை ஆறு பர்சன்ட் கூடும், அப்புறம் அந்த குட்டி கேஜும் ஒண்ணும் லேப் கருவி இல்ல. ஆனா "ஒரு கிலோ ரெண்டு கிலோ அடிக்கறான்"ங்கறவங்களுக்கு இது போதும்னு நெனைக்கறேன்.

அன்னிக்கே இன்னொண்ணும் பாத்தேன், வீட்டுக்கு வந்து நிழல்ல நிறுத்திட்டு டியூஷன் முடிச்சு வந்து பானெட்ட தூக்கினா முள்ளு 190 பக்கம் இறங்கியிருக்கு. வண்டி ஓடவே இல்ல. இத பாத்துட்டு "கேஸ் லீக்"குன்னு சர்வீஸ் சென்டருக்கு ஓடற ஆளுங்க நெறைய. லீக் எல்லாம் இல்ல, சிலிண்டர் ஆறிடுச்சு, அதே கேஸ் கம்மி சூட்டுல கம்மி பிரஷர் காட்டும். டாஷ்போர்டுல இருக்கற அந்த பச்ச புள்ளிங்க கூட பிரஷர பாத்து எரியறது தான், கிலோவ பாத்து இல்ல. அதனால தான் ராத்திரி நாலு புள்ளியோட நிறுத்தின வண்டி காலைல மூணு காட்டும், வெயில்ல நின்னா திரும்ப நாலாகும். யாரும் திருடவும் இல்ல, திருப்பிக் குடுக்கவும் இல்ல. வாசனை வந்தா தான் லீக்குன்னு பயப்படணும், அந்த வாசனையும் கேஸோடது இல்ல, நமக்கு தெரியணும்னே கலக்கறாங்க.

இப்போ இந்த பங்க்குக்கு ஏன் பிரஷர்ல 5 மார்க் குடுத்தேன்னு சொல்றேன். இது பைப்லைன்ல நேரா கனெக்ஷன் உள்ள பங்க், சொந்தமா கம்ப்ரஸர் ஓடுது, பின்னாடி கடகடன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கும். எப்போ போனாலும் 195, 200. நான் இதுக்கு முன்னாடி போயிட்டு இருந்த இன்னொரு பங்க், பேரு வேணாம், அங்க லாரில கட்டு கட்டா சிலிண்டர் கொண்டு வந்து வெச்சு அதுலருந்து புடிச்சு குடுப்பாங்க. லாரி வந்த புதுசுல ஜோரா ஏறும். முப்பது நாப்பது வண்டி போட்டப்புறம் லாரி சிலிண்டர்லயே பிரஷர் இறங்கியிருக்கும், அதுக்கு மேல நம்ம டேங்க்ல எப்படி ஏறும், ரெண்டு பக்கமும் சமமானதும் நின்னுடும். பூஸ்டர்னு பிரஷர ஏத்தற மெஷின் வெச்சு தூக்கலாம், அங்க அது பாதி நாள் ஓடாது. 150 பார்ல "ஃபுல் ஆயிடுச்சு மேடம்"னு நாசில கழட்டிடுவாங்க.

150 பார்னா நாலுல மூணு பங்கு தானேன்னு தோணும். கணக்கு போடுங்க, 151 × 60 வகுத்தல் 25.6, 354 மோல், 5.7 கிலோ, திருத்தத்தோட 6.6. மிச்சம் இருந்த 0.8 எப்பவும் போல கழியும். ஏறறது 5.8. இங்க 8.2 ஏறும். ரெண்டே கால் கிலோவுக்கு மேல வித்தியாசம், கம்பெனிக்காரங்க வேகன்ஆர் மாதிரி வண்டிக்கு கிலோவுக்கு 34.05 கிலோமீட்டர்னு போடறத எல்லாம் விடுங்க, கோயம்பேடு, வடபழனி சிக்னல்ல நின்னு நின்னு போற நமக்கு 25 கெடைச்சாலே பெருசு, அதுலயே 60 கிலோமீட்டர் அவுட். அந்த 60 கிலோமீட்டருக்காக இன்னொரு தடவ லைன்ல முக்கா மணி நேரம். அந்த பங்க்லயும் கிலோ கணக்கு சுத்தம் தான், ஏமாத்தல, ஆனா "ஃபுல்"ங்கற வார்த்தை அங்க பொய். பில்லு வாங்கும்போது மெஷின் டிஸ்ப்ளேல பிரஷர் என்ன காட்டுதுன்னு பாருங்க, 180க்கு கீழ நின்னா "ஏன்"னு கேளுங்க, ரேட்ட பாத்து பங்க் மாத்தறத விட பிரஷர பாத்து மாத்தறது தான் லாபம்.

அதே சமயம் இன்னொரு கூட்டம் இருக்கு, "தம்பி கொஞ்சம் சேத்து அமுக்கு, 220 போடு"ன்னு கெஞ்சறது. இந்த பங்க்ல போட மாட்டாங்க, அதுக்கு தனியா ஒரு சல்யூட். 200லயே ராத்திரி ஆறி 190க்கு வருதேன்னு உங்களுக்கு கவலை, ஆனா குளிரா இருக்கறப்போ 220 போட்டு அத வெயில்ல நிறுத்தினா மேல ஏறறது எவ்ளோன்னு அதே ஃபார்முலாவுல போட்டு பாருங்க, 25 டிகிரில 220 போட்டது 55 டிகிரில 240ஐ தாண்டும். சிலிண்டர் டெஸ்ட் பண்ணது இதுக்கு மேல தாங்கற மாதிரி தான், இருந்தாலும் பின் சீட்டுக்கு பின்னாடி இருக்கற சாமான்ல நமக்கு எதுக்கு அந்த வெளையாட்டு. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது சிலிண்டர்ல தண்ணி நிரப்பி அமுக்கி பாக்கற டெஸ்ட், கட்டாயம், இங்க தகட்டுல தேதி பாத்துட்டு தான் நாசில மாட்டறாங்க, தேதி முடிஞ்ச ஒரு பழைய ஆம்னிய என் கண்ணு முன்னாடியே திருப்பி அனுப்பினாங்க, அவரு கத்தின கத்துல பக்கத்து டீக்கடைல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, பையன் அசையல.

எல்லாரும் வண்டிய விட்டு எறங்கணும், எஞ்சின் ஆஃப், போன் உள்ள வெச்சுடணும். தூங்கற கொழந்தையோட போனா கஷ்டம் தான், ஆனா அதுலயும் ஸ்ட்ரிக்டு. வயசானவங்க உக்கார ஒரு பெஞ்ச் போட்டிருக்காங்க, நெழல் இல்லாத பக்கமா போட்டிருக்காங்க, யார் ஐடியாவோ.

இந்த கேஸ் எங்கருந்து வருதுன்னு பசங்க கேட்டதுண்டு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல இந்தியன் ஆயிலோட எல்என்ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) டெர்மினல் இருக்கு, 2019ல ஆரம்பிச்சது, வருஷத்துக்கு 50 லட்சம் டன் கெபாசிட்டி. கப்பல்ல மைனஸ் 162 டிகிரில திரவமா வருது, அப்படி வந்தா 600ல ஒரு பங்கு எடம் போதும். அதே 60 லிட்டர் டப்பால திரவமா ஊத்தினா 25 கிலோ புடிக்கும், நம்ம 9 கிலோ எங்க. ஆனா மைனஸ் 162ல டிக்கிய வெச்சுட்டு போரூர் ரவுண்டானால யார் நிக்கறது. அங்க சூடு பண்ணி கேஸாக்கி குழாய்ல விடறாங்க, இங்க கம்ப்ரஸர் திரும்ப அமுக்குது. திரவத்துக்கு பிவி = என்ஆர்டி போட்டு நிறை கண்டுபுடிக்கக்கூடாது, வீட்டு சமையல் சிலிண்டருக்கும் அப்படித்தான், உள்ள இருக்கறது பெரும்பாலும் திரவம், தீர்ற வரைக்கும் பிரஷர் ஏறக்கொறைய ஒரே மாதிரி நிக்கும், அதனால தான் அத எடை போட்டு வாங்கறோம், 14.2 கிலோன்னு. எக்ஸாம்ல இது ஒரு டிரிக் கொஸ்டீனா வந்தா பாதி கிளாஸ் காலி.

லைன் பத்தி சொல்லலன்னா இது ரிவ்யூவே இல்ல. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்போது வரைக்கும் போகவே போகாதீங்க, ஆட்டோ லைன் ஒரு பக்கம், கார் லைன் ஒரு பக்கம்னு போர்டு இருக்கு, போர்டு மட்டும் தான் இருக்கு. நடுவுல ஒரு ஆட்டோ மூக்க நுழைச்சா அதோட கதை முடிஞ்சது. எல்லா வண்டியும் ஒரே நேரத்துல புடிக்கறதால ஃபில்லிங் வேகமும் குறையும். காலைல ஆறு, ஆறரை பெஸ்ட்டு, லைனும் கம்மி, மேல சொன்ன மாதிரி கிலோவும் அரைக்கு மேல கூட ஏறும். அதுக்கு எந்திரிக்க முடியாதவங்க ராத்திரி பத்தரைக்கு மேல வாங்க, ரோடும் கொஞ்சம் ஆறியிருக்கும். மத்தியானம் வந்துதான் ஆகணும்னா வாங்க, ஆனா பில்ல பாத்து பையன திட்டாதீங்க.

ஜிபே, கார்டு எல்லாம் ஓகே, சில்லறை தான் இருக்காது. பில்லு கேட்டா தான் குடுப்பாங்க, கேளுங்க, கிலோ ரெண்டு தசமம் வரைக்கும் தெளிவா போட்டிருக்கும். ஸ்டாஃப்ல ஒரு மார்க் கொறச்சது நைட் ஷிஃப்ட்ல ஒருத்தரு எப்பவும் கடுகடுன்னு இருக்கறதுக்கு. டயருக்கு காத்தடிக்கற மெஷின்ல எப்போ போனாலும் "ரிப்பேர்"னு ஒரு அட்டை தொங்குது, கேஸ 200 பார்ல அமுக்கற பங்க்ல டயருக்கு 33 பிஎஸ்ஐ காத்து இல்ல, அதுக்கு தான் அந்த அஞ்சாவது ஸ்டார் கட்.